விளையாட்டில் வரும் எதிரி உங்கள் பிள்ளையின் மனத்தைப் படிப்பதில்லை

சென்ற வாரம் என்னிடம் நிரலாக்கம் படிக்கும் ஒரு மாணவனின் தாயார், மகனின் கைப்பேசியை என் முன்னால் வைத்துவிட்டுக் கண் கலங்கினார். விளையாட்டிலுள்ள செயற்கை நுண்ணறிவு தன் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வேண்டுமென்றே தன்னைத் தோற்கடிக்கிறது என்று நம்பிய அந்தச் சிறுவன், அதை ஏமாற்றித் தருவதாக விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு செயலியை நிறுவி, கேட்ட இடத்திலெல்லாம் கடவுச்சொல்லையும் கொடுத்திருக்கிறான். மறுநாளே விளையாட்டுக் கணக்கும் மின்னஞ்சலும் பறிபோயின. இந்த ஆண்டில் இதே நம்பிக்கையால் ஏமாந்து என்னிடம் வந்த நான்காவது குடும்பம் இது.

விளையாட்டு நிரல் எழுதுவதே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் வாங்கும் பெரும்பாலான விளையாட்டுகளில் எதிரி எதையும் கற்பதில்லை. 1980இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட, புதிர்வழிக்குள் பேய்களிடமிருந்து தப்பி ஓடும் பேக்-மேன் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு பேய்களும் கூடிப் பேசி வளைப்பதுபோலத் தோன்றும். உண்மையில் சிவப்புப் பேய் நீங்கள் நிற்கும் கட்டத்தைக் குறிவைக்கிறது. இளஞ்சிவப்புப் பேய் நீங்கள் பார்க்கும் திசையில் நான்கு கட்டங்கள் முன்னால் குறிவைக்கிறது. ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டங்களுக்கு அப்பால் இருக்கும்வரை துரத்திவிட்டு, நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்புகிறது. நீலப் பேயின் விதி சற்றுச் சிக்கலானது, அவ்வளவுதான். அந்தப் பேய்கள் உங்களைக் கற்றுக்கொள்பவையாக இருந்திருந்தால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரே பாதையை மனப்பாடம் செய்துகொண்டு ஒவ்வொரு முறையும் தப்பித்திருக்கவே முடியாது. மனிதர்தான் பேயைக் கற்றார். பேய் மனிதரைக் கற்கவில்லை.

பின் வந்தவற்றில் விதிகள் நுட்பமாகின. 2005இல் வெளிவந்த ஃபியர் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் எதிரி வீரர்கள், தமக்குத் தரப்பட்ட இலக்கை அடைய எந்தச் செயலை எதன் பின் செய்வது என்று தாமே திட்டமிட்டார்கள். ஆனால் அவர்கள் உரக்கக் கத்திக்கொள்வது பெரும்பாலும் நம் காதுக்காகத்தான். நொடிக்கு அறுபது படங்கள் காட்டும் விளையாட்டில் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி நொடி. அதிலும் எதிரியின் சிந்தனைக்கு ஒதுங்குவது ஒரு சிறு பங்கே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: குறி தவறாமல் சுடும் எதிரியை எழுதுவது எங்களுக்கு எளிது, நம்பும்படி குறி தவறும் எதிரியை எழுதுவதே கடினம். முதல் தோட்டா உங்கள் மேல் படாதபடி வேண்டுமென்றே அமைக்கும் விளையாட்டுகளும் உண்டு.

ரெசிடென்ட் ஈவில் 4 போன்ற விளையாட்டுகள் நீங்கள் எத்தனை முறை அடிபட்டீர்கள், இறந்தீர்கள் என்று பார்த்துக் கடினத்தை ஏற்றி இறக்குவது உண்மைதான். ஆனால் அது எண்ணிக்கையே தவிர, உங்களைப் பற்றிய அறிவன்று. தானே கற்கும் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் 2019இல் ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டில் தலைசிறந்த வீரர்களின் நிலையை எட்டியது என்றாலும், அதற்கான பயிற்சி ஆய்வுக்கூடத்தின் பெரும் கணினிகளில் நடந்தது. உங்கள் மகனின் கைப்பேசியில் அன்று.

ஆகவே, விளையாட்டை ஏமாற்றித் தருவதாகச் சொல்லும் எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். கற்காத ஒன்றை ஏமாற்ற அதில் என்ன இருக்க முடியும்? கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எவர் கேட்டாலும் தராதீர்கள். இணையவழி ஆட்டத்தில் உங்களைத் தோற்கடிப்பவர் பல சமயம் எங்கோ இருக்கும் இன்னொரு மனிதர் என்பதையும் நினைவில் வையுங்கள். பெற்றோரே, பிள்ளை தோற்று அழும்போது தயவுசெய்து அதட்ட வேண்டாம். அருகில் அமர்ந்து, அதே எதிரி அதே இடத்தில் என்ன செய்கிறான் என்று பத்து முறை பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

அந்தச் சிறுவனின் கைப்பேசியிலிருந்த எல்லாவற்றையும் அழித்து, வேறொரு கணினியிலிருந்து மின்னஞ்சலை மீட்டுக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம். மூன்று ஆண்டுகளாக அவன் விளையாடிச் சேர்த்த கணக்கு இன்னும் திரும்பவில்லை.