பேட்ச்: ஒட்டா, திருத்தமா, துன்னலா?

பேட்ச் என்ற சொல் குமரி மாவட்டத்துக்குக் கணினியோடு வந்ததல்ல. சைக்கிள் ட்யூபில் ஒட்டும் ரப்பர் துண்டுக்குப் பஞ்சர் கடையில் அதுதான் பெயர். மழை ஓய்ந்ததும் களியக்காவிளை சாலைக் குழிகளில் ஜல்லியும் தாரும் கொட்டி அமுக்கிவிட்டுப் போனால் அது பேட்ச் ஒர்க். இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆகவே அந்தச் சொல்லுக்கு வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. அப்புறம் கணினியும் செல்போனும் வந்தன, 'கேமுக்குப் புது பேட்ச் வந்திருக்கு' என்பது பிள்ளைகள் வாயில் சாதாரணமாகிவிட்டது.

பேச்சில் தொந்தரவு இல்லை. எழுத்தில்தான் சிக்கல். '2012 பேட்ச்' என்று எழுதினால் அந்த ஆண்டு கல்லூரி முடித்தவர்கள் என்று பொருள். 'பேட்ச் 2.0' என்றால் விளையாட்டின் புதிய பதிப்பு. ஆங்கிலத்தில் முதல் எழுத்தே வேறான இரண்டு சொற்கள் தமிழில் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. தமிழ்ச் சொல் வேண்டும் என்று சிலர் கேட்பதற்கு மொழிப்பற்று ஒரு காரணம் என்றால், இந்தக் குழப்பம் இன்னொரு காரணம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு விளையாட்டு ஏற்கெனவே விற்றுப்போய், வாங்கியவரின் கருவியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் நிரலில், அதாவது புரோகிராமில், சில இடங்களை மட்டும் மாற்ற நிறுவனம் அனுப்பும் கோப்புதான் பேட்ச். விளையாட்டை முழுவதுமாக மறுபடி அனுப்பாமல், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பிப் பழையதன்மேல் பொருத்துவார்கள். 1985-இல் லாரி வால் எழுதிய ஒரு சிறு நிரலின் பெயரே 'பேட்ச்'. வேறுபாட்டுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால், எந்த வரியை நீக்கி எதைச் சேர்க்க வேண்டும் என்று பார்த்து அதுவே மூலக்கோப்பைத் திருத்திவிடும். நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கிழிந்த துணியில் வைத்துத் தைக்கும் துண்டுக்கு ஆங்கிலத்தில் இந்தப் பெயர் பல நூற்றாண்டுகளாக உண்டு. அது கணினிக்குள் நுழைந்த வழிதான் சுவையானது. அந்தக் காலத்தில் நிரல் என்பது காகிதத்தில் போட்ட துளைகள். 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க் 1 என்ற பெரும் இயந்திரம், 24 வரிசைகளில் துளையிட்ட காகித நாடாவைப் படித்துக் கணக்குப் போட்டது. ஒரு துளை தப்பாக விழுந்துவிட்டால் நாடா முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டாம். அந்த இடத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டித் துளையை அடைத்தால் போதும். பிழை பெரிதென்றால் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு, சரியான துண்டை இடையில் வைத்து ஒட்டுவார்கள். அப்படி ஒட்டுப் போட்ட மார்க் 1 நாடாவின் படம் இன்றும் இருக்கிறது. ஆக, பேட்ச் என்பது கணினிக்காரர்கள் கவிதையாக வைத்த பெயரல்ல. உண்மையிலேயே பசை தடவி ஒட்டியதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

பழைய தமிழில் இதற்கு நேரான சொல் இருந்தது: துன்னம், துன்னல். துன்னுதல் என்றால் நெருக்கி இணைத்தல், தைத்தல். பொருநராற்றுப்படையில் பொருநனின் கந்தலைச் சொல்லும்போது 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' என்று வருகிறது. சிதார் என்றால் கந்தல். நெய்தபோது இருந்த நூல் போய், தைத்துத் தைத்து வேறு நூல்கள் புகுந்துவிட்ட கந்தல் அது. வேற்றிழை நுழைந்தது என்பது, பத்து ஆண்டு பேட்ச் வாங்கிய மென்பொருளுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வர்ணனை. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் தையற்காரருக்குப் பெயர் துன்னகாரர். பிற்காலத் தமிழ் இந்தச் சொல்லைக் கைவிட்டது, மலையாளம் விடவில்லை. களியக்காவிளை தாண்டிப் பாறசாலை பக்கம் போனால் தையல் இன்றும் துன்னல்தான். 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த மாவட்டம் இது. விளவங்கோட்டுக்காரர் யாரிடமும் துன்னல் என்று சொன்னால் அகராதி தேட மாட்டார்.

ஆனாலும் நான் துன்னலுக்கு வாக்களிக்க மாட்டேன். அழகான சொல், ஆனால் திருநெல்வேலி தாண்டினால் விளக்கவுரை தேவைப்படும். 'திருத்தம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது சட்டத்துக்கும் விடைத்தாளுக்கும் உரியது, மேலிருந்து எதையும் ஒட்டும் படிமம் அதில் இல்லை. 'இணைப்பு' மின்னஞ்சலோடும் இணையத்தோடும் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கிறது. 'புதுப்பிப்பு' அப்டேட்டுக்குச் சரி. எல்லா அப்டேட்டும் பேட்ச் அல்ல.

எஞ்சுவது ஒட்டு. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்ட எல்லோருக்கும் தெரிந்த சொல். குமரியில் இதற்கு வேறு உறவினர்களும் உண்டு. ஒட்டு மாங்கன்று, ஒட்டுக் கட்டிய ரப்பர் கன்று, பால் வெட்டியபின் சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால். ஒட்டுக் கன்றை நினைத்தால் சொல்லின் இன்னொரு பக்கமும் தெரியும். கிழிசலை மறைப்பது மட்டுமல்ல, ஒரு மரத்தின் வேர்மேல் வேறு மரத்தின் மொட்டை வைத்து வளர்ப்பதும் ஒட்டுதான். இன்றைய விளையாட்டுகளின் பேட்ச் இந்த இரண்டாம் பொருளுக்கு மிக நெருங்கிவிட்டது. ஒரே ஒரு ஆபத்து: அச்சுப்பிழையில் ஒட்டு ஓட்டாகிவிட்டால், 'நாளை புதிய ஓட்டு வருகிறது' என்பதைப் படித்துவிட்டு யாராவது பூத் சிலிப் தேடுவார்.

இனி அந்தச் சொல் விளையாட்டுகளில் எப்படி மாறியது என்று பார்க்கலாம். கருவியில் செருகி ஆடும் கேட்ரிட்ஜ் காலத்தில் விற்ற விளையாட்டுக்கு ஒட்டே கிடையாது. சில்லில் பதித்தது பதித்ததுதான். பிழையிருந்தால் அடுத்த அச்சில் சத்தமில்லாமல் சரிசெய்வார்கள், முன்பே வாங்கியவரிடம் அந்தப் பிழை அப்படியே இருக்கும். கணினி விளையாட்டுகளுக்கு மட்டும் ஒட்டு கிடைத்தது. பத்திரிகையோடு வரும் சிடியில் இருக்கும், இல்லையென்றால் யாராவது இறக்கித் தர வேண்டும்.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நாங்கள் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிய காலம். மணிக்கணக்குக்குக் காசு. ஒரு கணினியில் ஒருவன் ஆட்டத்தைத் திறந்து வைத்தால் மற்றவர்கள் அதில் சேருவோம். ஓரத்தில் இருந்த இரண்டு கணினிகளில் மட்டும் சேர முடியாது, பதிப்பு ஒத்துப்போகவில்லை என்று செய்தி வரும். சென்டர் அண்ணன் நாற்காலியை விட்டு எழும்பாமலே சொல்லுவார்: "அந்த ரெண்டு சிஸ்டத்துலயும் பேட்ச் போடல்ல மக்கா, இந்தப் பக்கம் வாங்கோ." இதில் கவனிக்க வேண்டியது ஒட்டு மட்டுமல்ல. ஆட்டத்தை நடத்திய சர்வர், அதாவது மற்றவர்கள் வந்து சேரும் கணினி, அந்த அறைக்குள்ளேயே இருந்தது. இணையம் போனாலும் ஆட்டம் நிற்காது. அதனால்தான் 2003-இல் வந்த அந்தப் பதிப்பை இன்றும் நான்கு பழைய கணினிகளைக் கேபிளால் இணைத்து ஆட முடிகிறது.

சர்வர் என்றால் நம் ஊரில் முதலில் ஓட்டலில் தோசை கொண்டுவருகிறவர். கணினிச் சர்வருக்கு வழங்கி, சேவையகம் என இரண்டு சொற்கள் புழங்குகின்றன. எனக்கு வழங்கி பிடிக்கும், சின்னது. பேச்சில் எப்படியும் சர்வர்தான்.

இணையம் வேகமானதும் ஒட்டின் குணம் மாறியது. பிழையோடு விற்றுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் வந்தது. வெளியாகும் அன்றே இறக்க வேண்டிய முதல்நாள் ஒட்டு வழக்கமாயிற்று. சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. பழைய பிளேஸ்டேஷன்களில் ஆட முடியாத அளவு பிழைகள். சில நாட்களிலேயே பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஒட்டின்மேல் ஒட்டாகப் போட்டு, 2023 செப்டம்பரில் 2.0 வந்தபோது ஆட்டத்தின் உள்ளமைப்பே பல இடங்களில் மாறியிருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் முதலில் வந்த வட்டை மட்டும் வைத்திருப்பவரிடம் இருப்பது அந்த நல்ல விளையாட்டு அல்ல. மார்த்தாண்டத்தில் பழைய வட்டுகள் விற்கும் ஒரு கடையில் நான் விலை கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல நெட்டு உண்டா?"

இதைவிடப் பெரிய மாற்றம், விளையாட்டின் பாதி நம் கருவியை விட்டே வெளியேறி வழங்கிக்குப் போனது. ஒட்டுப் போட அடியில் துணி வேண்டும். துணி இன்னொருவர் கையில் இருந்தால், ஒட்டுகள் எல்லாம் நம்மிடம் இருந்தும் பயனில்லை.

இதன் தெளிவான உதாரணம் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ'. 2014-இல் வந்த கார் பந்தய விளையாட்டு. தனியாக ஓட்டினாலும் வழங்கியோடு தொடர்பு வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தி, 2024 மார்ச் 31 அன்று வழங்கியை அணைத்தார்கள். பெட்டியில் வட்டு வாங்கியவர்களுக்கும் அன்றோடு ஆட்டம் முடிந்தது. பிறகு பலருடைய கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். பஞ்சர் ஒட்டக் கொடுத்த சைக்கிளையே கடைக்காரர் பூட்டி வைத்துக்கொண்ட மாதிரி.

இப்படி மூடுவதை ஆங்கிலத்தில் 'சன்செட்' என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். கன்னியாகுமரிக்காரனிடம் அதைச் சொல்லக் கூடாது. சன்செட் பாயின்ட்டில் சூரியனைப் பார்த்துவிட்டு லாட்ஜில் தூங்கினால், காலையில் அதே ஊரில் அதே சூரியன் கடலிலிருந்து எழும்பி வரும். தி க்ரூ எழும்பி வரவில்லை. தமிழில் மூடல் என்றே சொல்லுவோம், கூடுதல் மரியாதை வேண்டாம்.

மூடல் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைலை மத்திய அரசு தடை செய்தது. ஏற்கெனவே போனில் இருந்தவர்கள் சில வாரம் ஆடினார்கள். அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான வழங்கியும் நின்றது. கோப்பு போனில் அப்படியே இருந்தது, திறந்தால் ஒன்றும் இல்லை. மறு ஆண்டு ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்து, பழைய கணக்கை அதற்கு மாற்றிக்கொள்ள இடம் கொடுத்ததால் காசு போட்டு வாங்கிய உடைகள் தப்பின. அங்கே மூடியது அரசின் ஆணை, தி க்ரூவில் நிறுவனத்தின் முடிவு. போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது எங்களுக்கு ஒரு முன்னோட்டம் கிடைத்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, குலசேகரம் பக்கம் சித்தப்பா வீடு நாள்கணக்கில் இருட்டில் இருந்தது. கரண்டு வந்த பிறகும் இணையம் வரவில்லை. தம்பியின் கணினியில் பழைய கிரிக்கெட் விளையாட்டு உடனே ஓடியது. பணம் கொடுத்து வாங்கிய புதியது, உள்நுழையச் சொல்லி ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. "காசு குடுத்து வாங்குனதுக்குத்தான் அனுமதி கேக்கணுமா அண்ணா?" என்றான்.

மூடியபின் என்ன நடக்கும் என்பது விளையாட்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. 2010 ஏப்ரல் 15 அன்று மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுக் கருவியான முதல் எக்ஸ்பாக்ஸின் இணையச் சேவையை நிறுத்தியது. ஹேலோ 2 ஆடிக்கொண்டிருந்த சிலர் கருவியை அணைக்காமலே விட்டார்கள். ஆட்டத்தை ஆடுபவர்களில் ஒருவரின் கருவியே நடத்தியதால், விட்டுப் போகாதவரை தொடர்பு அறவில்லை. மே மாதம் வரை சிலர் உள்ளே இருந்தார்கள். எங்கே ஆட்டம் நடக்கிறது என்று பட்டியல் காட்டும் கேம்ஸ்பை சேவை 2014-இல் நின்றபோது, ஆர்மா 2 போன்ற விளையாட்டுகள் ஓர் ஒட்டு வெளியிட்டு, ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் சேவைக்கு மாறிக்கொண்டன. 2012-இல் மூடப்பட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற விளையாட்டை ரசிகர்களே வேறு வழங்கியில் ஓட்டினார்கள். 2024 ஜனவரியில் உரிமையாளர் என்சிசாஃப்ட் அதற்கு முறைப்படி உரிமமே கொடுத்தது.

இந்த ஆர்மா வகை ஒட்டுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்பது என் கட்சி. வழங்கி போனாலும் ஆட்டம் தன் காலில் நிற்கும்படி, போகிற போக்கில் நிறுவனம் போட்டுத் தரும் ஒட்டு. கடைசி ஒட்டு என்று சொல்லலாம். 2024-இல் யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பது கிட்டத்தட்ட இதைத்தான். வழங்கியைக் காலமெல்லாம் நடத்தச் சொல்லவில்லை, மூடும்போது ஆடத்தக்க நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் தொடங்கிய மனு 2025 ஜூலையில் 10 இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், விற்பது பொருளல்ல உரிமம்தான் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. தி க்ரூவுக்குக் கிடைக்காத கடைசி ஒட்டு, இந்தச் சத்தத்துக்குப் பிறகு 2025-இல் தி க்ரூ 2-க்குக் கிடைத்தது. இணையம் இல்லாமல் ஆடும் வசதி அதில் வந்திருக்கிறது.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்துப் பேர் ஆட ஒரு வழங்கிக் கூடத்தை நடத்த முடியாது. வேறு நிறுவனத்திடம் வாடகைக்கு வாங்கிய நிரல்களை ரசிகர்களுக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. ஆனால் இதையெல்லாம் விளையாட்டைக் கட்டும்போதே யோசித்தால் கடைசி ஒட்டு சின்ன வேலை. மூடும் மாதத்தில் யோசித்தால் மலை.

மற்ற கூட்டுச்சொற்கள் எளிது. அவசரமாக வரும் ஹாட்ஃபிக்ஸ் அவசர ஒட்டு, செக்யூரிட்டி பேட்ச் பாதுகாப்பு ஒட்டு. பேட்ச் நோட்ஸ் என்பதை ஒட்டுக் குறிப்பு எனலாம். பழைய வட்டு வாங்குகிறவர்கள் அந்த விளையாட்டின் கடைசி ஒட்டுக் குறிப்பைத் தேடி, இணையமில்லாமல் ஆடும் வசதி பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் பின்புறத்தில் இணைய இணைப்பு கட்டாயம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். கடைக்காரர் சம்மதித்தால் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு அங்கேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்து வாங்கலாம்.