மழை வலுத்தாலே நடுங்கும் மனசு: கண்ணசைவுச் சிகிச்சை என்ன செய்கிறது?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியதில் 70 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். இப்படியொரு ராத்திரியைத் தாண்டி வந்தவர்களில் சிலருக்கு, தகரத்தில் மழை வலுத்தாலே கை கால் நடுங்கும், அன்றைக்குக் கேட்ட சத்தம் இப்போதுதான் கேட்கிற மாதிரி இருக்கும். நாம் மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம், இல்லையென்றால் "நடந்தது நடந்துபோச்சு, வேலையைப் பாரு" என்கிறோம். அந்த நினைவு பழசாகவே மாட்டேன் என்கிறதே, அதுதான் நோய்.

இதற்கான சிகிச்சைகளில் ஒன்று இ.எம்.டி.ஆர். என்கிற கண்ணசைவுச் சிகிச்சை. 1987ல் ஃபிரான்சின் ஷப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இங்கும் அங்கும் வேகமாக ஓடினால் மனசை அரிக்கும் நினைப்பின் வேகம் தணிவதைக் கவனித்தார். 1989ல் முதல் ஆய்வை வெளியிட்டார்.

எடுத்த எடுப்பில் கண்ணை அசைக்கச் சொல்ல மாட்டார்கள். மொத்தம் 8 கட்டங்கள், ஆரம்பத்தில் வெறும் பேச்சும், பதற்றம் வந்தால் அடக்கிக்கொள்ளும் பயிற்சியும்தான். அப்புறம் அந்தச் சம்பவத்தில் ஆகக் கொடுமையான ஒரு காட்சியை மனசில் நிறுத்தச் சொல்வார்கள், வேதனை 0 முதல் 10க்குள் எத்தனை என்று கேட்பார்கள். மருத்துவர் இரண்டு விரலை முகத்துக்கு முன்னால் இடமும் வலமும் ஆட்ட, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும், அரை நிமிஷம் போல. நிறுத்தி, "இப்போ என்ன தோணுது?" என்பார். வந்ததைச் சொன்னால் போதும், முழுக்கதையையும் விவரிக்க வேண்டியதில்லை. திரும்பவும் விரல். வேதனையின் எண் இறங்கும் வரை இப்படியே போகும்.

இது ஏன் பலிக்கிறது? வலுவான விளக்கம் ஒன்று உண்டு. அந்தந்த நேரத்துக்கு விஷயங்களைப் பிடித்து வைக்கும் நினைவில் இடம் ரொம்பக் குறைவு. கண் விரலைத் துரத்தும்போது அந்த இடத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுவதால், காட்சி முழுக் கூர்மையோடு நிற்க முடியாமல் மங்குகிறது, மங்கியபடியே திரும்பப் பதிகிறது என்கிறார்கள். மனக்கணக்குப் போடச் சொன்ன சோதனைகளிலும் நினைவின் கூர்மை குறைந்திருக்கிறது. அதனால்தான் கண்ணசைவே தேவையா, நினைவைத் தைரியமாக எதிர்கொள்வதுதான் குணமாக்குகிறதா என்ற சண்டை ஆய்வாளர்களிடம் இன்னும் ஓயவில்லை. தவிக்கிறவர்களுக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை என்பேன், உலக சுகாதார நிறுவனமே 2013ல் இதைப் பரிந்துரைத்திருக்கிறது.

வீடியோவைப் பார்த்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். கிளறிய நினைவை அடக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் பதற்றம் கூடிவிடும். இன்னொன்று, பறிகொடுத்த பிள்ளையின் நினைவு இதனால் அழியாது, அழியவும் கூடாது. நடுக்கம்தான் குறையும்.

மலையில் இருப்பவர்களுக்குப் பெரிய தடை மொழி. உள்ளுக்குள் இருப்பதைத் தெரியாத மொழியில் எப்படிச் சொல்வது? தமிழ் பேசும் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம். எங்கே போவதென்றே தெரியவில்லையா, 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழும் உண்டு.