ஈபீஎஃப்பில் வீடு: 30 வீதம் வேறு, 75 வீதம் வேறு

"அண்ணா, ஈபீஎஃப்பில எழுபத்தைந்து வீதம் எடுக்கலாமாமே, வெள்ளவத்தையில ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு முற்பணம் கட்டலாம்தானே?" புறக்கோட்டையில் எங்களுடன் வேலை செய்யும் ஒரு தம்பி போன மாதம் இப்படிக் கேட்டார். பலர் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் ஒன்றாகக் குழம்பிப்போனதால் வரும் கேள்வி இது. அந்தக் குழப்பத்தில் ஓய்வுகாலப் பணத்தையே இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஊழியர் சேமலாப நிதியம், அதாவது ஈபீஎஃப், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படும், முதலாளி குறைந்தது 12 வீதம் சேர்க்க வேண்டும். 60,000 ரூபா சம்பளம் என்றால் 4,800 உங்களுடையது, 7,200 முதலாளியுடையது. ஆக, மாதம் 12,000 ரூபா சேருகிறது. ஊழியர் நம்பிக்கை நிதியம், அதாவது ஈடீஎஃப், இதிலிருந்து வேறானது. அதற்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுவார், உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக் கூடாது. ஈபீஎஃப் கணக்குக்கு ஓவர்டைம் பணம் சேராது. ஆனால் விற்பனைக் கொமிஷன் சேரும். கொமிஷனில் ஓடும் கடை வேலைக்காரர் பலருக்கு இது தெரியாது.

பொதுவாக, வேலையை விட்ட பிறகு ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் முழுப் பணமும் கைக்கு வரும். அதற்கு முன்னர் வீட்டுக்காக இதைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, 30 வீத மீளளிப்பு. 2012இல் செய்த சட்டத் திருத்தத்தால் வந்த வழி இது. பத்து வருடமாவது நிதியத்துக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது 300,000 ரூபா இருக்க வேண்டும். கணக்கில் உள்ள மொத்தத் தொகையில் 30 வீதம் வரை எடுக்கலாம், ஆனால் உச்சம் 20 இலட்சம். வீட்டுத் தேவைக்கும் சில பாரிய நோய்களின் சிகிச்சைக்கும்தான் கொடுப்பார்கள். இது உங்களுடைய பணம், திருப்பிக் கட்டத் தேவையில்லை.

மற்றது, 75 வீத உத்தரவாதம். தம்பி சொன்னது இதைத்தான். இங்கே நிதியத்திலிருந்து உங்கள் கைக்கு ஒரு ரூபாகூட வராது. உங்கள் மீதியில் 75 வீதம் வரைக்கும் உத்தரவாதமாக நிற்கும் என்று தொழில் ஆணையாளர் ஒரு சான்றிதழ் தருவார். அதைக் கொண்டுபோய் மக்கள் வங்கி, இலங்கை வங்கி, அரச ஈட்டு முதலீட்டு வங்கி, எச்டிஎஃப்சி வங்கி போன்ற அங்கீகாரம் பெற்ற இடம் ஒன்றில் வீட்டுக்கடன் எடுக்க வேண்டும். கடன் வங்கியின் பணம், வட்டியும் வங்கிக்கே.

12 இலட்சம் மீதி இருக்கும் ஒருவர் முதல் வழியில் 3 இலட்சத்து 60 ஆயிரம் எடுக்கலாம். இரண்டாவது வழியில் 9 இலட்சம் வரை கடனுக்கு உத்தரவாதம் பெறலாம். 9 என்ற எண் பெரிதாகத் தெரிவதால் எல்லோரும் அங்கேதான் சாய்கிறார்கள்.

"அது என்னுடைய பணம்தானே, கட்டாவிட்டால் என்ன?" என்று நினைப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். தவணை தவறினால் வங்கி அந்த நிலுவையை நிதியத்திடம் கேட்கும். நிதியத்தின் பணத்தைப் பராமரிக்கும் மத்திய வங்கி அதை உங்கள் கணக்கிலிருந்து கழித்து வங்கிக்கு அனுப்பும். வீட்டுக்கு யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள், பணம் சத்தமில்லாமல் குறையும். 55 வயதில் விண்ணப்பத்தை நீட்டும்போதுதான் பலருக்கு உண்மை தெரியவருகிறது. எங்கள் உறவினர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. இருபது வருட உழைப்பில் கைக்கு வந்தது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும் அளவு பணம். வீடு இருந்தது, அதற்கப்புறம் மாதச் செலவுக்கு ஒன்றும் இல்லை.

அதற்காக 30 வீதத்தை இலவசப் பணம் என்றும் எண்ண வேண்டாம். அந்த 3 இலட்சத்து 60 ஆயிரம் கணக்கிலேயே இருந்து, வருடம் 9 வீத வட்டி கிடைத்தால், 15 வருடத்தில் ஏறத்தாழ 13 இலட்சமாக வளர்ந்திருக்கும். வாடகை கொடுத்துக் களைத்தவர் சொந்தக் கூரைக்காக எடுப்பது நியாயம். பாதியில் நிற்கும் வீட்டை முடிக்க எடுப்பதும் நியாயம். வீடு திருத்துவதாக எழுதிக்கொடுத்துவிட்டு மகளின் கல்யாணச் செலவுக்கு எடுப்பதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன்.

75 வீத வழியில் போவதாக இருந்தால், தவணையைச் சம்பளத்திலிருந்தே வங்கிக்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். வேலை மாறினால் அந்த வாரமே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். நான் பார்த்தவரையில் நிலுவை தொடங்குவது பெரும்பாலும் வேலை மாறும் அந்த இடைவெளியில்தான்.

இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கணக்கில் உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் முடிவதற்குள் முதலாளி கட்ட வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணம் உண்டு. ஆனாலும் சம்பளச் சீட்டில் வெட்டிவிட்டுக் கட்டாமல் விடும் இடங்கள் கொழும்பில் உண்டு. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பிழையாகப் பதிவாகிப் பணம் வேறெங்கோ நிற்பதும் உண்டு. நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் செயலகத்துக்கோ உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்கோ அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். பழைய சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். பணம் கட்டவில்லை என்று முறையிட நேர்ந்தால், உங்கள் பக்கத்தில் நிற்கப்போவது அந்தத் தாள்கள்தான்.