"போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பதிப்புரிமை தொடர்பான வேலைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் வழக்கறிஞன் நான். என் அலுவலகத்துக்கு வருகிற எழுத்தாளர்களில் பெரும்பாலோர் திருட்டுப் புகாரோடு வருவதில்லை. தாங்களே மனமுவந்து கொடுத்த அனுமதி கைமீறிப் போய்விட்டதே என்ற மனக்குறையோடுதான் வருகிறார்கள்.

சென்ற ஆண்டு சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் மேசைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். (அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒன்று, கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் அவருடைய பாட்டி ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சியதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை. மற்றொன்று, ஓர் அமைப்பின் விழா மலரில் அதே கட்டுரை வெளியான பக்கம். அதில் அவர் பெயர் இல்லை. பாட்டியின் பெயர் வருகிற பத்தி நீக்கப்பட்டிருந்தது. மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைப்பதை விவரித்த இடத்தில், கடையில் கிடைக்கும் ஒரு பாக்கெட் மாவின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். அதே மாவின் விளம்பரம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. "தம்பி, போட்டுக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன், இப்போது எந்த முகத்தோடு கேட்பது?" என்றார். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் காட்டினார்: "தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், ரொம்பச் சந்தோஷம்." அவ்வளவுதான்.

அந்த ஒற்றை வரி சட்டத்தின் பார்வையில் என்னவாகிறது என்பதை அவருக்கு விளக்கியபோது, எழுதுகிறவர்கள் அனைவருமே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

தென்னாப்பிரிக்காவில் 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டமே இதற்கு அடிப்படை. சொந்த உழைப்பில் உருவான எழுத்து தாளிலோ கணினியிலோ பதிவான அந்த நொடியே அதற்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. எங்கும் பதிவுசெய்ய வேண்டியதில்லை, முத்திரை எதுவும் வேண்டியதில்லை. எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த ஆண்டின் இறுதியிலிருந்து மேலும் 50 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கிறது. நமக்குப்பின் நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அனுமதி கொடுக்கவேண்டியவர்களாக இருப்பார்கள் என்பதே இதன் பொருள்.

பிறருக்கு அனுமதி கொடுப்பதைப் பற்றி அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு பேசுகிறது. உரிமையை முழுவதுமாக மாற்றிக்கொடுப்பதும், ஒருவருக்கு மட்டுமே என்று பிரத்தியேக உரிமம் வழங்குவதும் எழுத்து வடிவில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். பிரத்தியேகமல்லாத சாதாரண உரிமத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதை வாய்வார்த்தையாகவும் கொடுக்கலாம். நடந்துகொண்ட விதத்தை வைத்தும் கொடுத்ததாகக் கொள்ளலாம். ஆசிரியையின் வாட்ஸ்அப் வரி அப்படிப்பட்ட ஓர் உரிமம். வெறும் மரியாதைப் பேச்சு என்று அவர் நினைத்திருந்தாலும், அது செல்லுபடியாகும் அனுமதிதான்.

ஆனால் எதற்கு அனுமதி? அந்த ஒரு மலருக்கா, இனி வரும் எல்லா மலர்களுக்கும் சேர்த்தா? விளம்பரத்தோடு சேர்த்து அச்சிடவா? வெட்டிச் சுருக்கவா? அந்த வரியில் எதற்கும் விடையில்லை. சொல்லாமல் விட்டதையெல்லாம் எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும், நாம் நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த சச்சரவுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவை. ஒப்பந்தமாக அல்லாமல் கொடுத்த சாதாரண உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று அதே பிரிவு சொல்வது ஆசிரியைக்கு ஆறுதலாக இருந்தது. ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தால், அதில் எழுதியுள்ளபடியோ இன்னொரு ஒப்பந்தத்தின் மூலமோதான் திரும்பப் பெற முடியும்.

பெயர் விடுபட்டதும், புளித்த மாவு பாக்கெட் மாவாக மாறியதும் இதனினும் கனமான விஷயங்கள். சட்டத்தின் 20-ஆம் பிரிவு எழுத்தாளருக்குத் தார்மீக உரிமைகளை வழங்குகிறது: இது என் எழுத்து என்று உரிமை கோரலாம், தம் மதிப்புக்கோ நற்பெயருக்கோ ஊறு விளைவிக்கும்படி அதைத் திரித்தாலோ சிதைத்தாலோ எதிர்க்கலாம். பதிப்புரிமையையே வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்த பிறகும் இவை எழுதியவரிடமே இருக்கும். அந்த அமைப்புக்கு இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினோம். இழப்பீடு கேட்கவில்லை; ஆசிரியைக்கு அதில் விருப்பமும் இல்லை. மீதமிருந்த படிகளின் விநியோகத்தை அவர்கள் நிறுத்தினார்கள். அடுத்த மலரில் கட்டுரையை முழுமையாக, அவர் பெயரோடும் பாட்டியின் பெயரோடும் வெளியிட்டார்கள். அவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு தூரம் போகலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எழுதுகிறவர்கள் பக்கத்திலும் ஒரு பிழை நடக்கிறது. கட்டுரையிலிருந்து இரண்டு வரியை எடுத்து, எழுதியவர் பெயரையும் இடத்தையும் குறிப்பிட்டு மேற்கோள் காட்டுகிறவர்மீது சிலர் சீறிப்பாய்கிறார்கள். நோக்கத்துக்குத் தேவையான அளவுக்குள், நேர்மையான முறையில் காட்டும் மேற்கோளுக்கு அனுமதியே வேண்டியதில்லை, திறனாய்வுக்கும் அப்படியே. கேட்கவேண்டாததைக் கேட்கவில்லை என்று கோபிப்பதால், கேட்கவேண்டியதைக் கேட்க வருகிறவர்களும் தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

தொகுப்பு நூலில் சேர்க்கிறோம் என்று சொல்லிப் பதிப்பகங்கள் அனுப்பும் ஒப்பந்தங்களை மட்டும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். "எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், இனி வரவிருக்கும் தொழில்நுட்பங்களிலும், உலகம் முழுவதும்" என்று ஒரு வரி நடுவில் இருக்கும். "உரிமை மாற்றம்" என்ற சொல் தலைப்பில் இல்லாமல் நான்காம் பத்தியில் இருக்கும். அப்படிக் கையெழுத்திட்டபின் தம் கட்டுரையைத் தம் சொந்த நூலில் சேர்க்க அந்தப் பதிப்பகத்திடம் அனுமதி கேட்டு நின்ற ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். ஒரு தொகுப்பில் வெளியிடச் சாதாரண உரிமமே போதும். ஒப்பந்தத்தை அப்படித் திருத்தித்தரக் கேட்டால் பல பதிப்பகங்கள் மறுப்பின்றி ஒப்புக்கொள்கின்றன, கேட்பவர்கள்தான் குறைவு.

கேட்பவர் சென்னைப் பத்திரிகை என்றால் இந்தியச் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அங்கே உரிமம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே நிரப்பிக்கொள்ளும். பதிப்புரிமைக் காலமும் எழுதியவர் மறைந்தபின் 60 ஆண்டுகள்.

யாரும் கேட்கவே வேண்டாம், எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த மனத்தை நான் மதிக்கிறேன். அப்படி நினைத்தவர் ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸ் குடியிருப்பில் இருந்த அச்சகத்திலிருந்து 1910-இல் காந்தி தம் 'இந்தியத் தன்னாட்சி' நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, எந்த உரிமையும் ஒதுக்கிவைக்கப்படவில்லை என்று முகப்பிலேயே அச்சிட்டார். அவரே பிற்காலத்தில் தம் எழுத்துகளின் உரிமையை உயில் மூலம் நவஜீவன் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். முகப்பில் அச்சிட்டதும் அவர் முடிவு, உயிலில் எழுதியதும் அவர் முடிவு. இரண்டையும் யாரும் ஊகிக்கவேண்டியிருக்கவில்லை.

இன்று அதே காரியத்தைச் செய்ய, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன. மொத்தம் ஆறு. ஆறிலும் எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். வணிக நோக்கில் பயன்படுத்தக்கூடாது, மாற்றக்கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனைகளைத் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனைகளை மீறாதவரிடமிருந்து இந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. மனம் மாறினால் இனிமேல் வேறு நிபந்தனையில் வெளியிடலாம். ஏற்கனவே எடுத்துக்கொண்டவரின் உரிமை அப்படியே நிற்கும். நம் வாழ்வாதாரமாகவோ குடும்ப நினைவாகவோ இருக்கிற எழுத்துக்கு இதைப் போடுவதற்கு முன் ஓர் இரவாவது யோசிக்க வேண்டும்.

கட்டுரையோடு வரும் படத்துக்கு அதன் உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும்; உங்கள் எழுத்துக்கு நீங்கள் கொடுக்கும் சம்மதம் அந்தப் படத்தைத் தொடாது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

அனுமதிக் கடிதத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை. அந்த ஆசிரியைக்கு நான் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: "இந்தத் தலைப்பிலுள்ள என் கட்டுரையைத் தங்கள் இந்த ஆண்டு மலரில் ஒருமுறை அச்சிட அனுமதிக்கிறேன். முழுமையாக, மாற்றமின்றி, என் பெயருடன் வெளியிட வேண்டும். சுருக்கவோ மொழிபெயர்க்கவோ விரும்பினால் முன்கூட்டிக் கேட்க வேண்டும். இது பிரத்தியேக உரிமம் அல்ல; பதிப்புரிமை என்னிடமே இருக்கிறது. இரண்டு படிகள் அனுப்பிவைக்கவும்." மின்னஞ்சலாகவோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினாலும் போதும். ஆனால் பெறுபவர் "ஒப்புக்கொள்கிறேன்" என்று பதில் எழுதிய பிறகே கட்டுரையின் கோப்பை அனுப்புங்கள்.

சில வாரங்களுக்கு முன் அவர் மறுபடி வந்திருந்தார். பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றில் கோடு போட்டு, தேதி, கேட்டவர், கட்டுரை, எதற்கு, எதுவரை என்று ஐந்து கட்டங்கள் எழுதிவைத்திருந்தார். ஏழு வரிகள் நிரம்பியிருந்தன. ஏழில் ஆறுக்கு அவர் பணம் எதுவும் கேட்கவில்லை. ஏழாவது, உணவுப்பொருள் விளம்பரத்துக்காகக் கேட்ட ஒரு நிறுவனம். அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தார்.