இனிஷியல் மாறும், பெயரும் மாறணுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். (ஆள் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "கைக்குழந்தையா ஒண்ணு தத்தெடுக்கணும் சார்." அவருக்கு வயது 52, அந்தம்மாவுக்கு 47. கூட்டினால் 99. 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் வயதுக் கூட்டல் 85-ஐத் தாண்டக் கூடாது. நான்கிலிருந்து எட்டு வயது வரை என்றால் 100, அதற்கு மேல் 110.

"பெரிய பிள்ளைன்னா நம்மகிட்ட ஒட்டுமா?" என்றார் அந்தம்மா.

வளர்க்க முடியாத பச்சைக் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியதே சேலத்தில்தான். அதனாலோ என்னவோ, தத்து என்றாலே துணியில் சுற்றிய பச்சைக் குழந்தைதான் இங்கே பலர் மனதில். ஒன்பது வயதுப் பிள்ளையைக் கேட்டு வருபவர்கள் குறைவு.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். குழந்தைகள் நலக் குழு 'தத்துக்குத் தகுதி' என்று அறிவித்த குழந்தையின் விவரம் தளத்திலேயே வரும். 48 மணி நேரத்துக்குள் சரி என்று சொன்னால், நேரில் பார்த்து முடிவெடுக்க 30 நாள். பிறகு குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில் வீட்டுக்கு வரும், கோப்பு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஆட்சியருக்குப் போகும். முன்பு நீதிமன்றம் தந்த ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியர்தான் தருகிறார். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். இதற்கு வக்கீலே தேவையில்லை. என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை.

ஐந்து வயது முடிந்த குழந்தையிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. பலர் இதைக் கையெழுத்துச் சடங்கு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். பட்டறைக்காரர் பார்க்கப் போனது ஒன்பது வயதுச் சிறுமியை. முதல் இரண்டு முறையும் அவள் வாயே திறக்கவில்லை, ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை கேட்டாள்: "என் பேர மாத்திடுவீங்களா?" அந்தம்மா குலதெய்வத்தின் பெயரை மனதில் முடிவு செய்து வைத்திருந்தாராம். "உன் பேருக்கு என்ன குறைச்சல்? அதேதான்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் அவள் சரி என்றாள்.

வந்த புதிதில் தலையணைக்கு அடியில் பிஸ்கட் சேர்த்து வைத்தாள். எறும்பு வந்ததும் அந்தம்மா பதறிப்போய் எனக்கு போன் செய்தார். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த சில பிள்ளைகள் இப்படிச் செய்வார்கள், திருட்டு இல்லை என்றேன். மூடி போட்ட டப்பா ஒன்றை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆணைக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டு சமூகப் பணியாளர் வருவார். இதையெல்லாம் மறைக்காமல் அவரிடம் கேளுங்கள்.

ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்து சிலர் நோட்டரி முத்திரை குத்திய பத்திரத்தோடு வருவார்கள், பிள்ளையைத் தத்துக் கொடுப்பதாக அதன் பெரியம்மா எழுதிக் கொடுத்தது என்று. செல்லாது. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்திலும், பெற்றோர் இல்லாத பிள்ளையைப் பாதுகாவலர் தத்துக் கொடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். முறை தவறி ஆதரவற்ற குழந்தையைத் தத்தெடுத்தால் மூன்றாண்டு வரை சிறைகூட உண்டு. யாரும் இல்லாத பிள்ளையைப் பார்த்தால் 1098-க்கு அழையுங்கள்.

புதுப் பிறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா பெயர் ஏறிவிட்டது. போன மாதம் பட்டறைக்குப் போனபோது அவளுடைய நோட்டுகள் அடுக்கி இருந்தன. லேபிளில் பெயர் மட்டும், இனிஷியலுக்கு இடம் விட்டிருந்தது. "எழுதலையா?" என்று கேட்டேன்.

"அவளா எழுதட்டும் சார்" என்றார் அவர்.