அறுபது நாள் மாத்திரை எதற்கு?

ஆந்த்ராக்ஸ் என்னும் உயிர்க்கொல்லிக் கிருமிநோய் தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதல்ல. குரூகர் தேசியப் பூங்காவின் வடபகுதி மண்ணில் அது நெடுங்காலமாகவே இருக்கிறது. உலகெங்கும் கால்நடைகளுக்குப் போடப்படும் அதன் தடுப்பூசியை 1930களில் மாக்ஸ் ஸ்டெர்ன் உருவாக்கியதும் பிரிட்டோரியாவை அடுத்த ஒண்டர்ஸ்டெபோர்ட்டில்தான்.

யாரோ வேண்டுமென்றே டர்பனில் இந்தக் கிருமியைப் பரப்பிவிட்டால் என்ன செய்வது? கொரோனாவில் பழகியதை இங்கே தலைகீழாக்க வேண்டும். மூச்சுவழி ஆந்த்ராக்ஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. அதனால் ஊரடங்கு உதவாது. மக்கள் வெளியே வந்து, அறுபது நாள் விழுங்க வேண்டிய மாத்திரையை வாங்கியாக வேண்டும், அதுவும் காய்ச்சல் தொடங்குமுன். 2001இல் அமெரிக்காவில் கடித உறைகள் வழியே பரவியபோது மூச்சுவழி நோய் கண்ட 11 பேரில் 5 பேர் இறந்தார்கள். எல்லோருக்கும் 48 மணி நேரத்துக்குள் மருந்து சேரவேண்டும் என்று அங்கே இலக்கு வைத்திருப்பது அதனால்தான்.

கிருமி உறங்கும் வடிவத்துக்கு ஸ்போர் என்று பெயர். மூச்சோடு உள்ளே போன ஸ்போர்களை நுரையீரலின் காவல் செல்கள் விழுங்கி, நெஞ்சிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே அவை விழித்துப் பெருகி நச்சைக் கக்குகின்றன. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் என்ற அந்த மாத்திரைகள் விழித்த கிருமியைத்தான் தாக்கும். உறங்குவதை ஒன்றும் செய்யாது. எல்லா ஸ்போர்களும் ஒரே நாளில் விழிப்பதுமில்லை. 1979இல் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் ராணுவக் கூடத்திலிருந்து கிருமி கசிந்தபோது, சிலர் பல வாரம் கழித்துத்தான் படுத்தார்கள். அறுபது நாள் கணக்கு அப்படி வந்தது.

உடம்பில் ஒன்றுமில்லாதபோது இரண்டு மாதம் மாத்திரை விழுங்குவது எளிதல்ல. 2001இல் அப்படிச் சொல்லப்பட்டவர்களில் பாதிப்பேர்கூட முழுதாக முடிக்கவில்லை. என்னைக் கேட்டால், திட்டத்தின் பலவீனமான கண்ணி இதுதான்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரை போடாத பாட்டி தாத்தா எத்தனை பேர்? சில சர்க்கரை மாத்திரைகளோடு சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. ஆகவே மாத்திரை கொடுக்கும் மேசையில், வரிசை எவ்வளவு நீளமானாலும், "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க, பாட்டி?" என்று கேட்க ஆள் வேண்டும். காவடித் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் நம் கோயில் தொண்டர்களுக்கு இந்தக் கேள்விகளை இப்போதே பழக்கலாம். முதல் தவணையாகப் பத்து நாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மீதி ஐம்பது நாளுக்கு வராதவர்களின் வீட்டைத் தேடிப்போகவும் அவர்களே வேண்டும்.