சட்டப்படி மூடப்பட்ட ஒரு விமான நிலையம் இயங்கும் விதம்

லண்டனிலிருந்து சைப்ரஸ் தீவின் தெற்கிலுள்ள லார்னகாவுக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் பறந்து போய்விடலாம். லார்னகாவிலிருந்து நேர்க்கோட்டில் 35 கிலோமீட்டர்கூட இல்லாத, தீவின் வடக்கிலுள்ள எர்ஜான் விமான நிலையத்துக்கோ லண்டனிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துருக்கியின் ஏதாவது ஒரு நகரில் இறங்கி, அங்கே சிறிது நேரம் நின்று, மறுபடி ஏறித்தான் எர்ஜான் போக முடியும். எர்ஜானில் நீண்ட ஓடுபாதையும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் இருக்கின்றன. நாள்தோறும் விமானங்கள் வந்து போகின்றன. ஆனாலும் சைப்ரஸ் குடியரசின் சட்டப்படி அது 1974 முதல் மூடப்பட்ட நிலையம். மூடப்பட்ட நிலையம் எப்படி இயங்குகிறது என்பதையும், அதற்கான விலை தரையில் எவ்வளவு, வானில் எவ்வளவு என்பதையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எர்ஜான் இருக்கும் இடம், தலைநகர் நிக்கோசியாவுக்குக் கிழக்கே மெசோரியா சமவெளியிலுள்ள டிம்பு என்ற கிராமத்தை ஒட்டியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தீவு பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தபோது, அங்கே ஒரு ராணுவ விமானத்தளம் அமைக்கப்பட்டது. அப்போதும், 1960இல் சைப்ரஸ் விடுதலை பெற்ற பின்பும், நாட்டின் முதன்மை நிலையமாக இருந்தது நிக்கோசியா சர்வதேச விமான நிலையம்தான். 1968இல் அதற்குப் புதிய முனையமும் கட்டினார்கள். 1974 ஜூலை 15 அன்று கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்து நாள் கழித்து, ஜூலை 20 அன்று, துருக்கியப் படைகள் வடக்குக் கரையில் இறங்கின. நிக்கோசியா விமான நிலையம் குண்டு வீச்சுக்கு உள்ளாகி, கடும் சண்டைக்குப் பின் ஐ.நா. அமைதிப்படையின் கட்டுப்பாட்டுக்குள் போனது. அங்கே சிக்கிக்கொண்ட சைப்ரஸ் ஏர்வேஸ் விமானங்களில் மூன்றைப் பழுது பார்த்து 1977இல் லண்டனுக்குப் பறக்கவிட்டார்கள். அதன் பிறகு பயணிகள் விமானம் எதுவும் அங்கிருந்து கிளம்பவில்லை. சிதைந்துபோன ட்ரைடென்ட் ரக விமானம் ஒன்று இன்றும் அந்தத் தளத்திலேயே நிற்கிறது.

முதன்மை நிலையம் பறிபோனதும், துருக்கியப் படைகளின் வருகையால் தெற்கு, வடக்கு என்று பிரிந்த தீவின் இரு பகுதிகளும் அவசரமாக மாற்று தேடின. தெற்கே லார்னகாவில் பழைய விமானத்தளம் ஒன்று விரைவில் சர்வதேச நிலையமாக மாற்றப்பட்டது. வடக்கே, துருக்கியத் தரப்பு டிம்பு தளத்தைச் சீரமைத்து, 1974 போரில் இறந்த துருக்கிய விமானி ஃபெஹ்மி எர்ஜானின் பெயரை அதற்குச் சூட்டியது. தன் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதியிலுள்ள விமான நிலையங்கள் எல்லாம் மூடப்பட்டவை என்று சைப்ரஸ் அரசு அறிவித்தது. 1983 நவம்பர் 15 அன்று வடக்குப் பகுதி தன்னை 'வட சைப்ரஸ் துருக்கியக் குடியரசு' என்று தனி நாடாக அறிவித்துக்கொண்டது. ஐ.நா. பாதுகாப்பு அவை 541ஆம் தீர்மானத்தின் மூலம் அந்த அறிவிப்பு செல்லாது என்றது. இன்றுவரை அதை அங்கீகரித்துள்ள ஒரே நாடு துருக்கி.

நிலத்தைத் தன் கையில் வைத்திருக்காத ஓர் அரசு, அந்த நிலத்திலுள்ள ஓடுபாதையை எப்படி மூட முடியும்? இதற்கான விடை 1944 டிசம்பரில் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலேயுள்ள வான்வெளியின் மீது முழுமையான, தனிப்பட்ட இறையாண்மை உண்டு என்கிறது அதன் முதல் பிரிவு. வெளிநாட்டிலிருந்து வரும் விமானம் சுங்கப் பரிசோதனைக்காக அந்த நாடு குறித்த விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. சர்வதேச விமானச் சேவைகள் எந்தத் தடத்தில் பறக்கலாம், எந்த நிலையங்களைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பிடும் உரிமையை 68ஆம் பிரிவு அந்தந்த நாட்டுக்கே தருகிறது. சைப்ரஸ் குடியரசு குறிப்பிட்டுள்ள நிலையங்களின் பட்டியலில் எர்ஜான் இல்லை. உடன்படிக்கையில் சேர்ந்துள்ள வேறெந்த நாடும் தன் விமான நிறுவனத்துக்கு எர்ஜான் செல்ல அனுமதி கொடுத்தால், சைப்ரஸுக்குத் தான் அளித்த வாக்குறுதியை மீறியதாக ஆகும்.

இது பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் சோதித்தும் பார்க்கப்பட்டது. கிப்ரிஸ் டுர்க் ஹவா யொல்லாரி என்ற வட சைப்ரஸ் விமான நிறுவனம் எர்ஜானுக்கும் பிரிட்டனுக்கும் இடையே நேரடிச் சேவைக்கு அனுமதி கேட்டது; பிரிட்டிஷ் அரசு மறுத்தது. வழக்கை 2009 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2010இல் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. தீவின் வடக்கைச் சைப்ரஸ் அரசு ஆள முடியாமல் இருப்பது உண்மையே என்றாலும், உடன்படிக்கை தரும் உரிமை அதனால் அற்றுப்போகாது என்பதே தீர்ப்பின் சாரம். விதிவிலக்காக, 2005 ஜூலையில் அஜர்பைஜானின் பாகூவிலிருந்து ஒரு வாடகை விமானம் நேரே எர்ஜானில் வந்திறங்கியது. அது தொடர்ந்த சேவையாக மாறவில்லை.

நடைமுறையில் இந்தத் தடையைத் தாண்டும் வழி எளியது. லண்டனிலிருந்து அன்தால்யாவுக்கோ இஸ்தான்புலுக்கோ பறப்பது பிரிட்டனுக்கும் துருக்கிக்கும் இடையேயான சேவை. அதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. அங்கிருந்து எர்ஜானுக்குப் பறப்பதைத் துருக்கி மட்டும் அனுமதிக்கிறது. பயணி அதே இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும், காகிதத்தில் அது இரண்டு தனித்தனிப் பயணம். 2017இல் பிரிட்டன் பாதுகாப்பு விதியை இறுக்கியதிலிருந்து, அந்த வசதியும் குறைந்துவிட்டது. பயணிகள் பெட்டிகளோடு துருக்கியில் இறங்கி, மீண்டும் சோதனைக்கு உள்ளாகித்தான் அடுத்த விமானத்தில் ஏற வேண்டியிருக்கிறது.

இடையில் ஒருமுறை இறங்கி ஏறுவது நேரத்தை மட்டும் தின்பதில்லை. விமானம் அதிக எரிபொருளை விரைவாகச் செலவிடுவது புறப்பட்டு மேலேறும் கட்டத்தில்தான். ஒரே பயணத்தில் அந்தக் கட்டம் இரண்டு முறை வந்துவிடுகிறது. உடற்பகுதியின் தேய்மானமும் அப்படியே. உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டுவதால் உடற்பகுதி சற்றே விரிகிறது, தரைக்கு வந்ததும் பழைய நிலைக்குச் சுருங்குகிறது. இந்த விரிவும் சுருக்கமும் சேர்ந்தது ஒரு சுழற்சி. உலோகம் களைப்படைந்து விரிசல் விடுவது பெரும்பாலும் சுழற்சிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், உடற்பகுதிக்கும் சக்கரத் தொகுதிக்கும் பராமரிப்பு அட்டவணையைப் பறந்த மணியை மட்டும் வைத்துத் தயாரிப்பதில்லை, சுழற்சிகளையும் எண்ணுகிறார்கள். இத்தனையையும் கூட்டினாலும் அது பணத்தால் ஈடுசெய்யக்கூடிய இழப்புத்தான். எர்ஜானின் உண்மையான சிக்கல் ஓடுபாதையில் இல்லை, அதற்கு மேலே 10 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

உலகின் வான்வெளி முழுவதும் பறப்புத் தகவல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு நாடு பொறுப்பு. மண்டலத்தின் எல்லை நாட்டின் எல்லையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. கடலுக்கு மேலும் வெகுதூரம் நீளலாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் ஏற்பாட்டின்படி, நிக்கோசியா மண்டலம் தீவு முழுவதையும் சுற்றியுள்ள கடலையும் உள்ளடக்கியது; வடக்கே அதைத் தொட்டுக்கொண்டிருப்பது துருக்கியின் அங்காரா மண்டலம். சாதாரணமான ஓர் எல்லையில் நடப்பது இதுதான்: விமானம் எல்லைக்கு வருவதற்குள்ளேயே முதல் மண்டலத்தின் கட்டுப்பாட்டு மையம் அடுத்த மண்டலத்தின் மையத்துக்குத் தொலைபேசியிலோ கணினிச் செய்தியாகவோ, இன்ன விமானம், இன்ன உயரத்தில், இத்தனை மணிக்கு இந்தப் புள்ளியைக் கடக்கும் என்று சொல்லிவிடும். அடுத்த மையம் ஏற்றுக்கொண்ட பிறகே விமானியிடம் அலைவரிசையை மாற்றச் சொல்வார்கள். யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் விமானம் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

அங்காராவுக்கும் நிக்கோசியாவுக்கும் இடையே அப்படியொரு நேரடித் தொடர்பு இல்லை. சைப்ரஸ் குடியரசைத் துருக்கி அங்கீகரிப்பதில்லை. ஆகவே அதன் கட்டுப்பாட்டு மையத்தோடு பேசுவதுமில்லை. வடக்குப் பகுதியின் வான்வெளிக்குத் தானே பொறுப்பு என்று எர்ஜான் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது, அங்காராவும் அதை ஏற்று நடக்கிறது. நிக்கோசியா மையமோ எர்ஜானின் குரலுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்கிறது.

இஸ்தான்புலிலிருந்து பெய்ரூட் செல்லும் ஒரு விமானத்தின் விமானி அறையை எண்ணிப் பாருங்கள். தெற்கு நோக்கி, மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், எல்லையிலுள்ள வெசார் போன்றதொரு கடவுப்புள்ளியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. எர்ஜானைத் தொடர்புகொள்ளுமாறு அங்காரா கட்டுப்பாட்டாளர் சொல்கிறார். மண்டல எல்லைக்கு 10 நிமிடம் முன்பாகவே தன்னை நேரடியாக அழைக்க வேண்டும் என்பது நிக்கோசியா வெளியிட்டுள்ள அறிவிப்பு. 10 நிமிடத்தில் விமானம் 130 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். துருக்கிக் கரைக்கும் சைப்ரஸின் வட கரைக்கும் இடையேயான கடலே ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். ஆகவே அந்த அழைப்பை விடுக்கும்போது விமானம் துருக்கிய வான்வெளிக்குள் அங்காராவின் பொறுப்பில் இருக்கும். ஒரு வானொலியில் அங்காராவைக் கேட்டுக்கொண்டே, இரண்டாவது வானொலியில் தன் உயரத்தையும் எல்லையைக் கடக்கும் நேரத்தையும் விமானியே நிக்கோசியாவுக்குச் சொல்கிறார். இரு மையங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய செய்தியை விமானி தன் வாயால் எடுத்துச் செல்கிறார். இயற்பியல் இதற்கு இடம் கொடுக்கிறது: விமானங்கள் பயன்படுத்தும் வானொலி அலை நேர்க்கோட்டில் செல்லக்கூடியது, 35,000 அடி உயரத்திலிருந்து அதன் தொடுவானம் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நிக்கோசியாவின் குரல் துருக்கியின் மலைகளுக்கு மேலும் தெளிவாகவே கேட்கும்.

எல்லையைத் தாண்டியதும் இரு குரல்களும் ஒரே விமானத்தின் மீது உரிமை கொண்டாடுகின்றன. ஒரே சந்திப்பில் இரண்டு போக்குவரத்துக் காவலர்கள் நின்று வெவ்வேறு பக்கம் கை காட்டுவதைப் போன்றது இது. ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் நான்கு இலக்க எண் ஒன்றைப் பதிய வேண்டும். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரைதான் என்பதால் மொத்தம் 4,096 எண்களே கிடைக்கும். கட்டுப்பாட்டாளரின் திரையில் புள்ளியை இன்ன விமானம் என்று அடையாளப்படுத்துவது அந்த எண். இரண்டு மையங்கள் இரண்டு எண் கொடுத்தால், ஒன்றின் திரையில் அடையாளம் குழம்பும். எர்ஜானில் இறங்க வரும் விமானங்கள் நிக்கோசியாவோடு பேசுவதே இல்லை. அவை ரேடாரில் தெரிந்தாலும், அடுத்து எந்த உயரத்துக்கு இறங்கப்போகின்றன என்பது அங்குள்ள கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லப்படுவதில்லை. உயர்ந்த வான்தடங்களில் இரு விமானங்களுக்கு இடையே குறைந்தது 1,000 அடி செங்குத்து இடைவெளியோ, பொதுவாக 5 கடல் மைல் பக்கவாட்டு இடைவெளியோ வேண்டும். நோக்கம் தெரியாத விமானத்தைச் சுற்றி அந்தக் கணக்கை உறுதியாகப் போட முடியாது. தள்ளி நிற்க வைப்பதே வழி.

இதைக் கடைசியில் தாங்கிப் பிடிப்பது விமானங்களிலுள்ள மோதல் தவிர்ப்புக் கருவி. அது அருகிலுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களைத் தானே வினவி, மோதல் நேரும் என்று கணித்தால், சில பத்து வினாடிகளுக்கு முன் ஒரு விமானத்தை மேலேறவும் மற்றதைக் கீழிறங்கவும் சொல்லும். அதையும் குழப்ப முடியும் என்பதை 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் உலகம் பார்த்தது. ரஷ்யப் பயணிகள் விமானத்தை இறங்கச் சொன்னார் சூரிக் கட்டுப்பாட்டாளர். கருவி ஏறச் சொன்னது. விமானிகள் கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டு இறங்க, கருவியின் சொல்லைக் கேட்டு இறங்கிக்கொண்டிருந்த சரக்கு விமானத்தோடு மோதி 71 பேர் இறந்தார்கள். ஆபத்தைத் திரையில் கண்ட அண்டை மையமான கார்ல்ஸ்ரூ, சூரிக்கைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தது; பராமரிப்புப் பணியால் இணைப்பு கிடைக்கவில்லை. அதன் பிறகு, முரண்பாடு வந்தால் கருவியின் கட்டளையே மேல் என்பதை ஐ.சி.ஏ.ஓ. ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்தது. சூரிக்கில் அன்று சற்று நேரம் இல்லாதிருந்த இணைப்பு, அங்காராவுக்கும் நிக்கோசியாவுக்கும் இடையே பல பத்தாண்டுகளாக இல்லை. விமானிகளின் சர்வதேசக் கூட்டமைப்பு இந்தப் பகுதியைப் பற்றி நெடுங்காலமாக எச்சரித்து வருவதில் வியப்பில்லை.

அங்கீகாரச் சண்டையைத் தீர்க்காமலேயே வானத்தைச் சீராக்க முடியும் என்பதற்கு, செர்பியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட கொசோவோ எடுத்துக்காட்டு. 1999 முதல் மூடிக் கிடந்த அதன் மேல் வான்வெளி 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, கட்டுப்பாட்டுப் பொறுப்பைச் செர்பியாவும் ஏற்கவில்லை, கொசோவோவும் ஏற்கவில்லை. ஹங்கேரியின் வான்போக்குவரத்து நிறுவனம் புடாபெஸ்டில் இருந்தபடியே அதை நடத்தத் தொடங்கியது. சைப்ரஸில் அப்படியொரு மூன்றாம் தரப்பை இருவரும் ஏற்கும் நிலை வரவில்லை. எர்ஜானோடு பேசினால் அது அங்கீகாரமாகிவிடும் என்பது தெற்கின் அச்சம். நிக்கோசியாவோடு பேசினால் அதுவும் அங்கீகாரமாகிவிடும் என்பது துருக்கியின் நிலை. தண்டனை ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்: சைப்ரஸில் பதிவான விமானங்களுக்குத் துருக்கி தன் வான்வெளியை மூடியிருப்பதால், லார்னகாவிலிருந்து வடக்கே செல்லும் அந்த விமானங்கள் மேற்கே கிரேக்கத்தின் பக்கம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

எர்ஜானில் 2023 ஜூலை 20 அன்று, 1974இன் அதே தேதியில், துருக்கி அதிபர் எர்டோகன் புதிய முனையத்தையும் புதிய ஓடுபாதையையும் திறந்து வைத்தார். ஓடுபாதை 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பழையது அதைவிடச் சில நூறு மீட்டர் குறைவு. பெரிய விமானங்கள் நிறைய எரிபொருளோடு கிளம்பி மேற்கு ஐரோப்பா வரை நிற்காமல் போக அந்த நீளம் போதும். அந்த நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீடாக இன்றும் புழங்குவது எல்.சி.இ.என். என்பதே, அதில் முதலிரண்டு எழுத்துகள், லார்னகாவுக்கும் தெற்கின் மற்றொரு நிலையமான பாஃபோஸுக்கும் உள்ளதைப் போலவே, சைப்ரஸைக் குறிப்பவை. வழக்கமான சேவைகள் எல்லாம் முன்போலவே துருக்கிய நகரங்களுக்கும் எர்ஜானுக்கும் இடையே நடக்கின்றன.